படத்தில் அசையாமல் நின்றவர்கள்

சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நின்றார்கள் என்றால் நின்றார்கள்தான். ஒருத்திகூடக் கண் இமைக்கவில்லை.

"யாராவது அசையுங்களேன்!" அழகுமுத்து தலையில் அடித்துக்கொண்டான். துணியில் இருப்பவர்களுக்கு அது கேட்கவா போகிறது?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்த படம் அன்றைக்குத்தான் கொழும்பில் கழுவி வந்திருந்தது. ஹட்டன் கோயில் பாதரிடம் வகுப்பாசிரியர் பத்திநாதன் சேர் இரவல் வாங்கிய கமரா, படம் போடும் மெஷின். ஒரே ஒரு சுருள். தேயிலைக் கொழுந்து எப்படித் தேத்தண்ணி ஆகிறது என்பதுதான் கதை. அழகுமுத்து டிரெக்டர். றோலண்ட் கமராக்காரன். ஆட்களைக் கூட்டி வருவது சிசிலியின் வேலை.

அங்கேதான் வம்பு வந்தது. "படம் பிடிக்கப் போறோம்" என்று சிசிலி சொன்னதும் தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த பெண்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து கல்யாணச் சேலையை எடுத்துவிட்டார்கள். முகத்தில் பவுடர், தலையில் பூ. தேயிலைச் செடிக்கு முன்னால் வந்து விறைப்பாக நின்றார்கள்.

"கொழுந்து எடுங்கம்மா!" என்று அழகுமுத்து கத்தினான்.

அவன் அம்மா ராசம்மா உதடு அசையாமல் சொன்னாள்: "அசைஞ்சா மூஞ்சி கலங்கிருமேடா!"

அவர்கள் அறிந்த ஒரே கமரா, இந்தியா போகும் பாஸ்போட்டுக்குப் படம் பிடித்த ஸ்டூடியோக் கமராதான். அங்கே மூச்சுக்கூட விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

றோலண்ட் சுதாரிப்பதற்குள் பாதிச் சுருள் ஓடிவிட்டது. மறுநாள் மலையில் அவன் யாருடைய முகத்துக்கும் கமராவைக் காட்டவில்லை. கொழுந்து எடுக்கும் கைகளை மட்டும் பிடித்தான். மிச்சத்தைத் தேயிலைத் தொழிற்சாலையில் பிடித்து முடித்தான்.

"சரி, படம் எப்படி இருக்கு? நல்லது எது, கெட்டது எது? நீங்களே சொல்லுங்க" என்றார் சேர், வகுப்பில் படம் ஓடி முடிந்ததும்.

"கைங்க நல்லா வந்திருக்கு சேர்" என்றான் றோலண்ட். "தொழிற்சாலைதான் கொஞ்சம் இருட்டு. என் விரலும் ஓரத்துல ஒரு தடவை வந்துட்டுப் போகுது."

"முன்பாதியை வெட்டிரணும் சேர்" என்றான் அழகுமுத்து. "அடுத்த கிழமை ஹட்டன் டவுன்ல போடுறப்போ எல்லா ஸ்கூல் புள்ளைங்களும் பார்ப்பாங்க."

சிசிலி எழுந்தாள். "அதை வெட்டினா எங்கம்மா மூஞ்சி படத்துலயே இருக்காது. உங்கம்மா மூஞ்சியும்தான்."

"அதுக்குத்தான் சொல்றேன். எங்கம்மாவைப் பார்த்து டவுன் புள்ளைங்க சிரிக்கணுமா?"

அவன் கோபத்துக்குள்ளே அம்மாவைப் பற்றிய இந்தக் கவலை இருக்கும் என்று சிசிலி நினைக்கவில்லை. ஆனால் அவளுடைய அம்மா பெற்றீசியாவோ, தினமும் மலையிலிருந்து வந்து, கூடையை இறக்கி, காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கும்போதே கேட்பாள்: "படம் வந்திருச்சா? அதுல நான் தெரியிறேனா?"

"சரி, வெட்டுவோம்" என்றாள் சிசிலி. "ஆனா இன்னைக்கு நம்ம ஆளுங்களுக்கு முழுசாக் காட்டிட்டு வெட்டுவோம்."

அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

தொழிற்சாலையிலிருந்து ஏற்கனவே இழுத்திருந்த வயரிலேயே, சாயந்தரம் பள்ளிக்கூடத்திலேயே படம் போட்டார்கள். பெண்கள் வேலை முடிந்த ஈரத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். துணியில் அவர்களே தோன்றினார்கள். உடனே ஒருத்தி ராசம்மாவின் தோளில் இடித்தாள்.

"ஏய் ராசம்மா! என்னாடி இது, அடிச்சு வச்ச முளைக்குச்சி மாதிரி நிக்கிறே!"

"நீ மட்டும் என்னவாம்? உசுரு இருக்கான்னே தெரியல!"

பள்ளிக்கூடமே சிரித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கைகள் வந்ததும், "அது என் கை! வளையலைப் பாருங்கடி!" என்று ஒருத்தி துள்ளினாள். "இன்னொரு வாட்டி போடுங்க சேர்" என்றார்கள். போட்டார்.

விளக்கு வந்ததும் பெற்றீசியா கேட்டாள்: "ஹட்டன்லயும் இதேதானே போடுவீங்க?"

அழகுமுத்து தரையைப் பார்த்தான். றோலண்ட் கூரையைப் பார்த்தான்.

"இல்லம்மா" என்றாள் சிசிலி. "நீங்க எல்லாரும் நிக்கிறதை வெட்டப் போறோம். படம் அந்த இடத்துல ஓடாம நிக்குது."

"வெட்டுங்க, வெட்டுங்க. அடுப்பு பத்த வைக்கத் தோதா இருக்கும்" என்று ராசம்மா சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. "பாஸ்போட்டுக்குப் புடிச்ச படத்தையும் கவுருமெண்டுக் கந்தோர்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க. வீட்டுல வச்சுப் பார்க்க ஒண்ணு இல்ல."

சிசிலி படச்சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சேர், அதைக் கொஞ்சம் குடுங்களேன்."

சுருளின் நுனியை இழுத்து மின்விளக்குக்கு நேரே பிடித்தாள். ஒன்றன்கீழ் ஒன்றாகக் குட்டிக் குட்டிப் படங்கள். ஒவ்வொன்றிலும் எல்லாப் பெண்களும் இருந்தார்கள். சேலையின் கரைகூடத் தெரிந்தது. ஒரு முகமும் கலங்கவில்லை.

"அடுப்புக்கு வேணாம் பெரியம்மா!" என்று கத்தினாள். "வெட்டுறதை இன்னும் சின்னச் சின்னதா வெட்டுவோம். ஆளுக்கு ஒரு துண்டு!"

சேரின் மேசையிலிருந்து கத்தரிக்கோலை முதலில் எடுத்தவன் அழகுமுத்துதான். "எல்லார் தலையும் முழுசா வரணும்" என்று டிரெக்டர் குரலில் சொல்லிக்கொண்டே வெட்டினான். றோலண்ட் விளக்குக்கு எதிரே பிடித்துச் சரி பார்த்தான். சிசிலி முதல் துண்டை ராசம்மாவிடம் நீட்டினாள்.

சுண்டுவிரல் நகமளவு படம். ராசம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒரு கண்ணை மூடி, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அம்மா, தலைகீழாப் புடிச்சிருக்கீங்க" என்றான் அழகுமுத்து.

"இருடா" என்றாள் ராசம்மா, கண்ணை எடுக்காமல். "எப்படிப் புடிச்சாலும் நான்தானே!"