வலது மடிப்பு மேலே

போனில் வந்த முதல் படத்தைப் பார்த்தபோதே பெய்ஜுவானுக்கு ஏதோ இடித்தது. கோட்டை வாசலுக்கு முன்னால், கொண்டையில் துணிப் பூவும் நெற்றியில் சிவப்புப் பொட்டுமாக மகள் லிங்ஷூ சிரித்துக்கொண்டிருந்தாள். மேக்கப் கச்சிதம். வெளிச்சமும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெய்ஜுவானின் கண் மகளின் முகத்தில் நிற்காமல் கழுத்துக்குக் கீழேயே போய்ப் போய் வந்தது.

"என்னக்கா, பெத்த பொண்ணையே கண்ணு வெக்கறீங்க?" என்றாள் மேக்கப் போடும் தாவ், கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி. "ஊரே திரண்டு நிக்குது, உங்க பொண்ணு ஒருத்திதான் அழகுன்னு நெனப்பு!"

பெய்ஜுவான் சிரித்துவைத்தாள். லுவோயாங்கில் பியோனிப் பூ மலர்கிற மாதம் வந்துவிட்டால் இந்தச் சந்தில் உள்ள வாடகை உடைக் கடைகளில் மூச்சுவிட நேரமிருக்காது. ஊர் பார்க்க வருகிற பெண்களெல்லாம் ராஜா காலத்து அங்கியைக் கட்டிக்கொண்டுதான் கோட்டைக்குப் போவார்கள். ஹேர்ஸ்பிரே வாடையும், இஸ்திரிப் பெட்டியின் ஆவியும், வியர்வை ஊறிய பட்டின் நெடியும், "அக்கா, என் நாடா அவுந்துருச்சு!" என்ற கூச்சலுமாக, காலையிலிருந்து அவள் எழுபது பேருக்காவது அங்கி கட்டியிருப்பாள். எல்லாருக்கும் எதிரே நின்றுதான் கட்டினாள். இடது மடிப்பு மேலே, வலது மடிப்பு உள்ளே. பதினோரு வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை அது.

லிங்ஷூவுக்கு மட்டும் பின்னால் நின்று கட்டினாள். காலேஜிலிருந்து இரண்டே நாள் லீவில் வந்தவள், கண்ணாடி முன்னால் போனை நோண்டிக்கொண்டு, திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். சரி தொலை என்று, கண்ணாடியில் தெரிந்த மகளைப் பார்த்துப் பார்த்தே மடித்து நாடாவை முடிந்துவிட்டாள்.

கண்ணாடியில் சரியாகத் தெரிந்தால், நிஜத்தில்?

வலது மடிப்பு மேலே. சவப்பெட்டியில் படுக்க வைப்பவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

சே, செல்ஃபி என்றால் இடம் வலம் மாறித்தானே விழும் என்று தன்னையே அதட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். மகளின் தலைக்கு மேலே வாசலின் பெயர்ப் பலகை தெரிந்தது. எழுத்துகள் நேராக இருந்தன. எதுவும் மாறி விழவில்லை.

அடுத்த படம் வந்தது. இதில் லிங்ஷூ இரண்டு கைகளையும் அகல விரித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அங்கி கட்டிய நாலைந்து பெண்கள் மங்கலாக நின்றார்கள். கூட்டம் முழுக்கப் பலகாரக் கடைப் பக்கம் பார்க்க, அவர்கள் மட்டும் லிங்ஷூவையே பார்த்தார்கள்.

"ரெண்டு கையும் தெரியுதே, யாருடி போட்டோ எடுக்கறது?" என்று போனில் பேசி அனுப்பினாள்.

"ஒரு அக்கா. ரொம்பத் தங்கமானவங்க. என் டிரஸ்ஸைப் பாத்துட்டு அவங்களா வந்து பேசினாங்க. இங்க நெறைய பேரு என்னை மாதிரியேதான் கட்டியிருக்காங்க."

"லிங்லிங், அங்கயே நில்லு. அசையாத. அம்மா இதோ வரேன்."

"ஐயோ அக்கா, இன்னும் பன்னெண்டு பேரு உக்காந்திருக்காங்க!" என்று தாவ் கத்தியது முதுகுக்குப் பின்னால் தேய்ந்தது.

பொழுது சாய்ந்து, மதிலில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. மாட்டிறைச்சி சூப்பின் புகையும், கொதிக்கிற மிளகாய் எண்ணெயின் காரமும், ஒலிபெருக்கியில் கத்தும் வழிகாட்டிகளும், தோளில் இடிக்கிற ஆட்களும் நிறைந்த தெருவில், எதிரே வந்த ஒவ்வொரு பெண்ணின் மார்பையும் வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டு அவள் ஓடினாள். இடது மேலே. இடது மேலே. எல்லாருக்கும் இடதுதான் மேலே. அவள் பெண்ணைக் காணவில்லை.

போன் அதிர்ந்தது. லிங்ஷூவின் குரல் தூக்கக் கலக்கத்தில் பேசுவது மாதிரி இழுத்தது. "வடக்கே போறோம்மா. கால் வலிக்கல. வா வான்னு கூப்புடறாங்க."

வடக்கே என்ன இருக்கிறது? மாங் மலை. மலை முழுக்கக் கல்லறைகள். ராஜா, மந்திரி, அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று ஆயிரம் வருடத்துப் பிணங்கள் அடுக்கடுக்காய்க் கிடக்கிற இடம்.

"போகாதடி! நாடாவை அவுத்துப் போடு! என் ராசாத்தி, அவுத்துப் போடுடி!"

பதிலுக்கு ஒன்பது விநாடிக் குரல் பதிவு வந்தது. பட்டு உரசும் சத்தம் மட்டும். நிறையப் பட்டு.

ஒரே பெண். புருஷனுக்கு அப்புறம் இவளும் போனால் எதற்கு வீடு, எதற்கு உலை வைப்பது? பெய்ஜுவான் மதிலோரமாக ஒதுங்கினாள். கடையில் வேலை செய்கிறவர்களும் அங்கிதான் உடுத்த வேண்டும். அவளும் ஒன்று கட்டியிருந்தாள். நாடாவை இழுத்தாள். மகள் போன இடத்துக்குப் போக வேறு வழி தெரியவில்லை. இடதை உள்ளே தள்ளினாள். வலதை மேலே போட்டாள். முடிந்தாள்.

ஒலிபெருக்கி நின்றது. சூப்பின் வாடை போயிற்று. ஈர மண் வாடை வந்தது. தெருவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, கீழே ஜனம் இல்லை.

இருந்தார்கள். வேறு ஜனம். தெரு அடைத்து நின்றார்கள். வலது மேலே. வலது மேலே. எல்லாருக்கும்.

நடுவில் லிங்ஷூ.

"லிங்லிங்! அம்மா வந்துட்டேன். வாடா, வீட்டுக்குப் போலாம்."

மகள் வாயைத் திறந்தாள். நாக்கின் மேல் ஒரு முத்து. பெய்ஜுவானின் கணவன் இறந்தபோது, பிணத்துக்கு வைக்கிற வழக்கப்படி, அவளே அவன் வாயில் வைத்தாளே, அந்த மாதிரி முத்து. அதைத் தாண்டி வார்த்தை வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

பெய்ஜுவான் பாய்ந்து அவள் நாடாவை அவிழ்த்தாள். இடது மேலே. முடிந்தாள். கையை எடுத்தாள். வலது மேலே இருந்தது. மறுபடி அவிழ்த்தாள். கட்டினாள். வலது மேலே. மறுபடி. நகம் பிய்ந்தது. வலது மேலே.

சுற்றியிருந்தவர்கள் அவசரப்படுத்தவில்லை. ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். வடக்கே போகிற வழி.

லிங்ஷூ தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். அம்மாவின் வாயையே பார்த்தாள்.

என்னடி, என்று கேட்க வந்தாள் பெய்ஜுவான். நாக்கில் ஏதோ சில்லென்றது. சின்னதாக. உருண்டையாக.