பின்னால் நின்ற பழைய கெர்னல்

சனிக்கிழமை சாயங்காலம், ஐந்தே முக்கால் மணி. ஆறு மணிக்கு அம்மா வீடியோ காலில் லேப்டாப்புக்கு வருவாள். அந்தப் பாழாய்ப்போன லேப்டாப்போ கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது!

சுகன்யா ஆறாம் வகுப்பு. அம்மாவும் அப்பாவும் மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள். காய் எடுக்கும் காலம் என்பதால் மூன்று வாரமாகக் கீழே இறங்கவில்லை. இவள் போடியில் அத்தை வீட்டில் இருக்கிறாள். அத்தை தன் பட்டன் போனோடு வேலைக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் வருவாள். அதுவரை பேச்சுத் துணைக்குச் சுவரில் ஒரு பல்லி. அதுவும் பதில் சொல்லாது.

தோட்டத்தில் ஒரே ஒரு பாறைமேல்தான் சிக்னல் கிடைக்கும். மகள் முகம் தெரியாவிட்டால் அம்மா அட்டைக்கடியோடு இருட்டும்வரை அங்கேயே நிற்பாள். நினைத்ததுமே சுகன்யாவுக்கு அழுகை முட்டியது.

ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு முத்துப்பாண்டியைக் கூட்டி வந்தாள்.

“நேத்து எதையாச்சும் அமுக்குனியா?”

“‘அப்டேட் செய்யவா?’ன்னு கேட்டுச்சுண்ணே. பாவம்னு சரின்னுட்டேன்.”

“நல்ல பிள்ளை போ! புதுக் கெர்னல் வந்திருக்கும். திரை, பட்டன், கேமரான்னு எல்லாத்தையும் வேலை வாங்குற கங்காணி அது. இந்தப் பழைய பெட்டிக்குப் புதுசு ஒத்துவரல. திங்கக்கிழமை கடையில குடுப்போம். என் போனும் அங்கதான் ரிப்பேருக்குக் கெடக்கு. சோலி இருக்கு ஆத்தா, வர்றேன்.”

அவன் போனதும் வீடு இன்னும் பெரிசாகிவிட்டது.

சுகன்யாவுக்கு ஜீப் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் காலையில் வரிசையாக நிற்கும். முன்னால் நிற்பதில்தான் ஏற வேண்டும். ஒருநாள் பளபள புது ஜீப்பில் எல்லோரும் ஏறினார்கள். முதல் வளைவிலேயே அது மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த பால்ராஜ் அண்ணனின் ஓட்டை ஜீப்தான் அவர்களைக் கரைசேர்த்தது.

‘பழைய கெர்னலும் பின்னால் நிற்குமோ?’

லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஒரு பட்டியல் வந்தது. ஐந்து நொடிக்குள் எதையும் தொடாவிட்டால் அதுவாகவே புதியதை எடுத்துக்கொள்ளும். வெரசாகக் கீழ் அம்புக்குறியைத் தட்டி, இரண்டாவது வரியில் நிறுத்தி என்டரை அமுக்கினாள். அடுத்த பக்கத்தில் இரண்டு கெர்னல்கள் இருந்தன. சின்ன எண் போட்டிருந்தது பழையது. அதில் நிறுத்தி மறுபடி என்டரை அமுக்கினாள்.

கறுப்பு. மறுபடியும் கறுப்பு. அப்புறம் படக்கென்று வெளிச்சம்!

மணி ஆறு ஐந்து. திரையில் அம்மா!

“எங்கடி போன? எம்புட்டு நேரமா நிக்கிறேன்! என்னாச்சு?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் சிக்னல் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

“அதெல்லாம் அப்புறம்மா. மூஞ்சியக் கிட்ட கொண்டா, முதல்ல நல்லாப் பாத்துக்கிறேன்.”

அம்மா கிட்டே வந்தாள். எவ்வளவு கிட்டே என்றால், திரை முழுக்க ஒரு மூக்கும் மூக்குத்தியும்தான். சுகன்யாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.