மூலக்கை

வார்ப்பு நாள் முடிந்தால் இரண்டு நாளைக்கு இளவேனில் முதியோர் இல்லத்தில் யாருக்கும் கை சொன்ன பேச்சைக் கேட்காது. காபி டம்ளரைத் தூக்கினால் நடுங்கும். விரல் விரலாகக் கடுக்கும். கோகிலவாணிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. "வேலை தெரிஞ்ச கைக்கு எதுக்குங்க வலிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போய், எல்லாரும் பார்க்கும்படி தேங்காய் துருவிக் கொடுப்பாள். அப்படி ஒரு மிதப்பு.

முதியோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வார்ப்புறைக்குள் கையை நுழைத்து இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். பராமரிப்புத் தர வாரியத்தின் சட்டம் அது. மாநிலத்திலேயே தேர்ந்த ஒரு பணியாளரின் கை அசைவுகள் அந்த உறையில் பதிந்திருக்கும். அதற்கு மூலக்கை என்று பெயர். புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது என்று அந்தக் கைக்குத் தெரிந்ததெல்லாம் நரம்பு வழியாக இந்தக் கைக்கு ஏறிவிடும். மூலக்கை யாருடையது என்பது ரகசியம். அந்த ஆளுக்கே சொல்ல மாட்டார்கள். தலைக்கனம் வந்துவிடுமாம்!

கோகிலவாணிக்கு அது வராமலா இருந்தது? இருபது வருட அனுபவம். எல்லாவற்றுக்கும் மேல், அவளிடம் சென்னியப்பன் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பார்வை போய், நினைவும் பாதி போய்விட்டது. வீட்டில் யார் தொட்டாலும் கத்தி, சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டவர். இங்கே வந்து அவள் தொட்டதும், "அம்மணி, வந்துட்டியா?" என்று வாயைத் திறந்தார். மூன்று வருடமாக அவரை வேறு யாரும் தொடவில்லை. "எங்கிட்ட மட்டுந்தானுங்க சாப்பிடுவாரு" என்று சொல்லிச் சொல்லியே அவள் யாரையும் அண்டவிடவில்லை.

அக்கா மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் போய்வந்தாள். வந்து பார்த்தால், புதிதாகச் சேர்ந்த நிரோஷா அவருக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை. இவரும், "அம்மணி, இன்னும் கொஞ்சம் போடு" என்கிறார்!

கோகிலவாணிக்கு வயிறு எரிந்தது. கதவோரம் நின்று கவனித்தாள். ஒவ்வொரு முறை தொடும் முன்பும் அந்தப் பெண்ணின் கட்டைவிரல் அவர் மணிக்கட்டின் உட்பக்கம் இரண்டு தடவை தட்டியது. நின்றது. பிறகு ஒரு தட்டு. அதற்கப்புறம்தான் கரண்டி.

"ஏம் புள்ள, என்னமோ தட்டறியே, சொக்குப்பொடியா?"

நிரோஷா தன் கையைப் பார்த்தாள். "நானாத் தட்டலீங்கக்கா. கை அதுவாத் தட்டுது. வேலைக்குச் சேர்ந்தப்போ போட்ட வார்ப்புல வந்ததுங்க."

"எனக்கும் அதே வார்ப்புதான். நான் தட்டறனா?"

நிரோஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோகிலவாணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே வாரியத்துக்குப் புகார் போனது. வாரியத்தின் தரக் கையேட்டில் எழுதாத அசைவு. ஒவ்வொரு தடவையும் நான்கு நொடி வீண். முதியவர்களை ஒருத்தியிடமே ஒட்டிக்கொள்ள வைக்கிறது. வாரியம் சோதித்தது. ஆமாம், மூலக்கையிலேயே அந்தத் தட்டு இருக்கிறது, அதற்குப் பயன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நீக்கிவிட்டு, உடனே எல்லாருக்கும் மறுவார்ப்புக்கு உத்தரவிட்டார்கள். கோகிலவாணிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை அறிவிப்புப் பலகையில் அவளே குத்தி வைத்தாள்.

மறுவார்ப்பு நடந்த சாயங்காலம் அவள் விரல்கள் கடுத்தன. தேங்காய் மூடியைப் பிடிக்க முடியவில்லை. வயதாகிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நிரோஷா தொட்டதும் சென்னியப்பன் தட்டைத் தட்டிவிட்டார். கோகிலவாணிக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. "தள்ளு புள்ள" என்று போய் அவர் கையைப் பிடித்தாள்.

"யாரு? கையை எடு! அம்மணியக் கூப்பிடு!"

"நாந்தானுங்கய்யா!"

"நீ இல்ல!" என்று கையை உதறினார்.

மதியம் இன்னொரு கடிதம் வந்தது. மூலக்கையைத் திருத்தினால் உரியவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதிப்படி எழுதுகிறோம் என்று இருந்தது. உரியவர் பெயர், கோகிலவாணி.

அவள் உடனே வாரியத்துக்குப் போன் போட்டாள். "அதத் திரும்பப் போட முடியுங்களா?"

"நீக்குனத வெச்சிருக்கக் கூடாதுங்கம்மா. அறுபதாயிரம் பேர் கையிலயும் எடுத்தாச்சு. நல்ல புகாருங்க அது."

வேறு வழியில்லாமல் நிரோஷாவிடம் போனாள். "ரெண்டு தட்டி, நிறுத்தி, ஒண்ணு. அவ்வளவுதானே? எவ்வளவு நேரம் நிறுத்தணும்? எவ்வளவு அழுத்தணும்?"

"நானாச் செஞ்சிருந்தாத்தானே தெரியும்க்கா? முன்னாடி நீங்களும் அப்படியேதான் தட்டுவீங்க. அன்னைக்கே சொல்ல வந்தேன்."

இருவரும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார்கள். பூட்டிய கதவைத் தட்டுவது போலத்தான் வந்தது. சென்னியப்பன் இரண்டு நாள் தண்ணீரைத் தவிர எதையும் உள்ளே விடவில்லை.

மூன்றாம் நாள் ஆறிப்போன ரசஞ்சோற்றோடு கோகிலவாணி அவர் எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவர் தன் வலது கட்டைவிரலை இடது மணிக்கட்டில் வைத்தார். இரண்டு தட்டு. நின்றார். ஒரு தட்டு.

"அம்மணி, வந்துட்டியா?" என்று வாயைத் திறந்தார்.

குரல் கேட்டால் விரட்டிவிடுவாரோ என்று பயந்து, வாயே திறக்காமல் அவள் ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் அவரே தட்டிக்கொண்டார். அந்தக் கட்டைவிரலைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.