காலை நாடி 104

போன் அலறியது!

கடிகாரக் கடையில் ரிப்பேர் முடிந்த நாற்பது கடிகாரங்கள் டிக்டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. கடைக்காரம்மா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்தாள்.

வைத்தாளாவது! அதுவாக விழுந்தது. ஒரு மாதமாகவே விரல்கள் அப்படி நடுங்கின.

"டாக்டர் பேசறேன்மா. இன்னிக்குத் தைராய்டு மாத்திரை போட்டீங்களா?"

"காலையிலயே போட்டாச்சு."

"நாளைக்குப் போடாதீங்க! நீங்க கொடுத்த ரெண்டு மாத்திரையை லேப்ல சோதிச்சாச்சு. பாட்டில் லேபிள்ல ஐம்பது மைக்ரோகிராம். உள்ள இருக்கிறது நூத்தைம்பது!"

"மூணு மடங்கா...?"

"நாடி ஏறறதும் கை நடுங்கறதும் அதனாலதான். உங்க ஹார்ட் ஏற்கெனவே வீக். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போயிருந்தா..."



அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. காது மடலெல்லாம் சுடுகிற கோபம்! டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டதும் கடையைக்கூடப் பூட்டாமல் மாடிப்படி ஏறினாள். மேலேதான் வீடு.

கூடத்தில் இன்ஸ்பெக்டரம்மா நின்றிருந்தார். டாக்டர் முன்னாடியே ஸ்டேஷனுக்கும் போன் போட்டிருந்தார்.

"இவன்தான் மேடம்!" அவள் கணவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "என் கூடப்பிறந்த தம்பி! போன மாசம் பத்தொன்பதாம் தேதி பெட்டியோட வந்து இறங்கினான். இருபதாம் தேதியிலேர்ந்து இவ நாடி ஏறுது. காலண்டரையே பாருங்க!"

"அண்ணே! வாய்க்கு வந்ததைப் பேசாதே!"

கொழுந்தன் கத்தினான். கத்தாமல் அவனுக்குப் பேசவே வராது. வந்த நாள் முதல் அண்ணியோடு சண்டை வேறு.

இன்ஸ்பெக்டர் காலண்டரைக் கழற்றினார். ஒவ்வொரு கட்டத்திலும் அவள் எழுதிய காலை நாடி. 66... 66... 67... இருபதாம் தேதி 72. பிறகு 78... 85... அடுத்த தாளில், இன்று 104!

"இதெல்லாம் எப்போ எண்ணினீங்க?"

"கண் முழிச்சதும் மேடம். தலையணையை விட்டுத் தலையைத் தூக்கறதுக்கு முன்னாடி. முழுசா ஒரு நிமிஷம். நான் கடிகாரக்காரி. கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கற வேலையெல்லாம் எங்கிட்ட கிடையாது!"

கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன சொன்னீங்க? 'எல்லாம் உன் கோபத்தால வர்ற படபடப்பு'ன்னீங்க. கண்ணையே திறக்கலை, அதுக்குள்ள யார் மேல கோபப்படுவேன்? கனவுலயா?"

"அதான் இப்போ தெரிஞ்சு போச்சே... இந்தத் துரோகிதான்னு!"

இன்ஸ்பெக்டர் கொழுந்தனின் தோளைப் பிடித்தார். "நடப்பா ஸ்டேஷனுக்கு!"

"நில்லுங்க மேடம்!"

அவள் போட்ட சத்தத்தில் கொழுந்தனே வாயை மூடிக்கொண்டான்.

"இவன் ஒரு தடியன். குளிச்ச துண்டை உதறிப் போடக்கூடத் தெரியாது. ஆனா மாத்திரையை மாத்தினது இவன் இல்லை!"

"எப்படிச் சொல்றீங்க?"

"டாக்டரைக் கேட்டேன். இது மெதுவா உடம்புல சேர்ற மருந்து. இன்னிக்குக் கூடுதலாப் போட்டா நாளைக்கே நாடி ஏறிடாது. ரெண்டு மூணு வாரம் ஆகும்னார். இருபதாம் தேதி ஏற ஆரம்பிச்சுதுன்னா, மாத்திரை மாறினது முதல் வாரத்துல. அப்போ இவன் இந்த வீட்டு வாசப்படியையே மிதிக்கலை!"

மறுபடி கணவர் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் ஒண்ணாம் தேதி புதுப் பாட்டில் வாங்கிட்டு வந்தது யாரு? தினம் வெறும் வயித்துல தண்ணியும் மாத்திரையுமா கையில கொடுத்தது யாரு? சொல்லுங்க!"

கணவரின் முகம் வெளுத்தது.

"நான்... உன்னைச் சாகடிக்க நினைக்கலை! கை நடுங்கினா கடையை மூடிடுவே... பையன்கிட்டப் போய் ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்னு... எத்தனை தடவை கூப்பிட்டேன், கேட்டியா நீ?"

"அடப்பாவி! முப்பது வருஷமா உனக்குச் சோறு போட்ட கைடா இது! இதையா நடுங்க வெச்சே நீ?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' தவிர வேறு வார்த்தையில் அழைத்ததில்லை அவள்.

அவர் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்."

கணவரின் மணிக்கட்டை வெடுக்கென்று பிடித்தாள். கண் சுவர்க் கடிகாரத்தில் நின்றது. முழுசாக அறுபது விநாடி.

கையை உதறினாள்.

"நூத்திப் பதினெட்டு! எல்லாம் பயத்தால வர்ற படபடப்பு! தாராளமா கூட்டிட்டுப் போங்க மேடம்... இந்த மனுஷனுக்குத் தைராய்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு!"