தலைமேல் ஒரு கை

மகளின் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது. மூச்சுச் சத்தம் இல்லை.

காலை நீச்சல் பயிற்சி முடிந்து வந்தவள், தலையில் குளோரின் வாடை போகாமலே மதியம் படுத்திருந்தாள். திரைச்சீலை வழியே கசிந்த மங்கிய வெளிச்சத்தில், உதடுகளை இறுக மூடி, கன்னங்கள் லேசாக உப்ப, யாரோ உத்தரவு போட்டதுபோல் அசையாமல் கிடந்தாள். அம்மா கட்டில் சட்டத்தை விரலால் தட்டினாள். டொக்.

மகள் வாய் பிளந்து மூச்சை இழுத்தாள்.

தட்டினால் போதும் என்று அம்மாவுக்கு இப்போது பழகிவிட்டது. நீச்சல் குளத்தில் கோச் மகளின் தலையைப் பிடித்து அமுக்கியே வைத்திருப்பார். அவர் கரையில் தட்டினால்தான் மேலே வரலாம். அம்மா அதைப் பார்த்திருக்கிறாள், மற்ற பெற்றோருடன் படிக்கட்டில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டே.

"நாளையிலேர்ந்து அவளை அனுப்பப் போறதில்லைங்க," என்றாள் கூடத்துக்கு வந்து.

"டீம்ல எடுக்கப்போற நேரத்துலயா?" கணவன் சிரித்தான். "உன் பொண்ணு பாதி மீனாயிட்டா. மீதியையும் ஆகவிடேன்."

"அனுப்பமாட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை. அறையில் மூச்சுச் சத்தம் நின்றது.

ஓடினாள். தட்டினாள். சட்டத்தில், சுவரில், தரையில். தோளைப் பிடித்து உலுக்கினாள். மகளின் கண்கள் திறந்திருந்தன. தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல், அம்மாவைத் தாண்டி மேலே எதையோ பார்த்தன. உதடு நீலம் பாய்ந்தது. கணவன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். அம்மாவின் விரல்கள் கோச்சின் எண்ணை அழுத்தின.

"சொல்லுங்கம்மா."

"மூச்சு விடமாட்டேங்கறா சார். நான் தட்டினா கேக்கலை. நீங்க தட்டுங்க, சார்."

அந்தப் பக்கம் தண்ணீர் சலசலத்தது. அவர் அவசரப்படவில்லை.

"நாளைக்கு வருவாளாம்மா?"

அனுப்பப்போவதில்லை என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"வருவா சார்."

போனுக்குள் டொக்.

மகள் மூச்சை இழுத்தாள்.

"அப்பாடா," என்று கணவன் சுவரில் சாய்ந்தான். அம்மாவுக்கு அழுகை வரவில்லை. பயமும் இல்லை. கை மட்டும் பழக்கத்தில் மகளின் தலையைக் கோதப் போனது.

உச்சந்தலையில் முடி ஈரமாகப் படிந்திருந்தது. ஐந்து விரல் விரித்த ஒரு கையின் அளவுக்கு.

கோதினாள். முடி எழவில்லை.

தலை மெல்ல, தலையணைக்குள் இன்னும் கொஞ்சம் அமுங்கியது.