காக்கட்டூ டீபாட்

"ஹலோ... போலீஸா? மாமாவுக்கு மூச்சே இல்ல... தலையெல்லாம் ரத்தம்!"

ஆஸ்திரேலியாவின் பல்லராட் போலீஸ் ஸ்டேஷனில் போனை வைத்த சார்ஜென்ட் நோலீன் ட்ராஸ்க், கையிலிருந்த பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

பிணம் எங்கேயும் ஓடிவிடாது.

க்ளாரி பெங்கெலி தன் பழம்பொருள் கடையில் மல்லாந்து கிடந்தார். வயது எழுபத்தொன்று. அந்தக் கடையிலேயே புதுசு அவர்தான்!

பக்கத்தில் ரத்தக்கறையோடு இரும்பு இஸ்திரிப்பெட்டி. கண்ணாடி அலமாரி காலி. மூடியின் மேல் காக்கட்டூ பறவை உட்கார்ந்திருக்கும் நூறு வருடத்து டீபாட்டைக் காணோம். விற்றால் ஒரு வீடே வாங்கலாம்.

"கடைச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தான்..." என்றாள் டாம்சின். க்ளாரியின் அக்கா மகள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "பேக்கரிக்குப் போயிட்டு வந்து பாத்தா..."

"சும்மா கதை விடறா, சார்ஜென்ட்!" பின்கட்டில் குழாய் மாற்ற வந்திருந்த கிரஹாம் டாங்கின் குறுக்கே புகுந்தார். "காலைல ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை. அந்த டீபாட்டுக்காகத்தான்... என் காதால கேட்டேன்!"

கான்ஸ்டபிள் கெவ் தொண்டையைச் செருமினான்.

"பாஸ்... இன்ஸ்பெக்டர் லைன்ல வந்தார். பன்னெண்டு மணிக்குள்ள பொண்ணை உள்ள தள்ளணுமாம்."

மணி பதினொன்றரை.

"சார்ஜென்ட்... அந்த டீபாட் வந்து..." டாம்சின் விசும்பினாள்.

"முதல்ல கண்ணத் துடை. எல்லாருக்கும் டீ போடும்மா."

நோலீனுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பின்கட்டுச் சமையலறை மேஜைக்கு டீ வந்தது. டீ ஆறாமலிருக்க, டீபாட்டின் மேல் கம்பளித் தொப்பி. மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நீங்களும் பழசெல்லாம் சேக்கறதுண்டா, கிரஹாம்?"

"நானா?! பீங்கான் கப்பும் ஒண்ணுதான், நாய்த் தட்டும் ஒண்ணுதான் எனக்கு!"

சொல்லிக்கொண்டே கோப்பையை எடுத்தார். உதட்டுக்குப் போக வேண்டியது நெற்றிக்கு மேலே போனது. கழுத்தைச் சாய்த்து அதன் அடியிலிருந்த தயாரிப்பு முத்திரையைப் பார்த்தார். டீ சட்டையில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் நோலீன், சாதாரணமாக.

"கிரீடம்... கீழ நங்கூரம். கைவேலை. ஒரு கீறல்கூட இல்ல, என்ன அழ..."

கிரஹாம் சட்டென்று கோப்பையைக் கீழே வைத்தார்.

கெவ் பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினான்.

"நாய்த் தட்டுல நங்கூரமா, கிரஹாம்?... கெவ், இவரோட வேன்ல டூல் பாக்ஸைத் திற!"

மூன்றே நிமிடம். எண்ணெய்க் கறை படிந்த துணிக்குள்ளிருந்து காக்கட்டூ எட்டிப் பார்த்தது!

"ஆறு வருஷம் கெஞ்சினேன்!" கிரஹாம் வெடித்தார். "விக்க மாட்டேன்னுகூட சொல்லல... சிரிச்சான், சார்ஜென்ட். இன்னிக்கும் சிரிச்சான்!"

நோலீன் டீபாட்டைக் கவிழ்த்தாள். உரக்கப் படித்தாள்.

"மைக்ரோவேவில் வைக்கலாம்."

கிரஹாம் எட்டி அதன் அடியைப் பார்த்தார்.

"எதையுமே கவுத்துப் பாக்காம எடுக்க மாட்டேன்... இன்னிக்குத்தான்... நேரமில்ல..."

"அப்ப அசல் எங்க?!" என்றான் கெவ்.

டாம்சின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேஜையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினாள்.

காக்கட்டூ!

"இதத்தான் அப்பவே சொல்ல வந்தேன். அலமாரில இருக்கறதத்தான் திருடுவாங்கன்னு மாமா நகலை அங்க வெச்சுட்டார். அசல்ல தினமும் டீ போடுவார். ஒடஞ்சிடும், வேணாம் மாமான்னுதான் காலைல கத்தினேன்..." அதற்குமேல் பேச முடியாமல் தேம்பினாள். கடைசியாகப் பேசியது சண்டையாகப் போய்விட்டதே என்ற அழுகை அது.

நோலீன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு அசல் டீபாட்டிலிருந்து கிரஹாமின் கோப்பையை நிரப்பினாள்.

"குடிச்சிடுங்க, கிரஹாம். உள்ள பிளாஸ்டிக் கப்தான் தருவாங்க... எத்தனை தடவ கவுத்துப் பாத்தாலும் அடியில உங்க கைதி நம்பர்தான் இருக்கும்!"