மண்ணுக்குள் முப்பத்திரண்டு கம்பிகள்

நேற்று மாலை நூற்று முப்பது ஓம் காட்டிய மீட்டர், இன்று விடியற்காலையில் எண்பதில் நின்றது. மகேசன் எதையும் தொட்டிருக்கவில்லை. காயிலின் கவ்வி அவன் மாட்டிவிட்டுப் போன அதே சுற்றில்தான் இருந்தது. அடையாளத்துக்கு ஒட்டிய சிவப்பு டேப்கூடப் பிரியவில்லை.

வெளியே பனிமூட்டம். ஷார்ஜாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி, தார்ச்சாலை முடிந்து மணல்தடம் தொடங்கும் இடத்தில் இருந்த அந்தப் பண்ணைக்கு டிசம்பர் மாதத்தில் அது புதிதில்லை. ஒட்டகப் பட்டியின் மூத்திர வாடையும், நனைந்த பிளைவுட்டின் புளிப்பு மணமும், கம்பத்தின் இழுகயிறுகளிலிருந்து தகரக் கூரையில் சொட்டும் நீரின் ஓசையும் சேர்ந்து அந்தச் சிறிய அறையை இன்னும் சிறியதாக்கின. ஜன்னலுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. முப்பது மீட்டர் உயரக் கம்பத்தின் அடிப்பாகம் மட்டும், பாலில் நட்ட கழிபோல.

பண்ணை அர்பாபுடையது. ரேடியோ என்றால் உயிர் அந்த முதலாளிக்கு. மிகத் தாழ்ந்த அலைவரிசையில் கடல் கடந்து பேசிக் காட்ட வேண்டும் என்று 2006 தொடக்கத்திலிருந்தே ஒற்றைக்காலில் நின்றார். ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த மகேசனைத் தேடி வந்து பிடித்தவரும் அவர்தான். அந்த அலை ஒன்றின் நீளமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முப்பது மீட்டர் கம்பம், யானைப் பசிக்குச் சோளப்பொரி. குறையைத் தண்ணீர்ப் பீப்பாயில் சுற்றிய காயில் ஈடுகட்டும். ஆனால் மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது, தின்றுவிடும். அதனால்தான் கம்பத்தைச் சுற்றி அறுபது அறுபது மீட்டருக்கு முப்பத்திரண்டு செம்புக் கம்பிகளை ஒரு சாண் ஆழத்தில் புதைத்திருந்தார்கள். மூன்று வாரம் உப்புத் தண்ணீர் ஊற்றியும் நூற்று முப்பதுக்குக் கீழே மண்ணின் தடை இறங்கவில்லை. ஐம்பதுக்கு வந்துவிட்டால் போதும், அலை அனுப்பும் பெட்டியும் ஆன்டெனாவும் ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

"இது வேலை செய்தால் உன் மனைவிக்கு விசா," என்று சொல்லியிருந்தார் அர்பாப். யாழ்ப்பாணத்தில் சண்டை மறுபடி மூண்டிருந்தது. வெளியே வரும் பாதை பூட்டிக் கிடந்தது. மனைவி துஷானி உள்ளே இருந்தாள்.

எழுபத்தெட்டு.

மகேசன் மீட்டரை விரலால் சுண்டினான். எழுபத்தேழு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது.

பனி மண்ணை நனைத்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஆனால் பனி மேல்மண்ணைத்தான் நனைக்கும். இது கீழேயிருந்து வருவது.

பாண்டித்துரை தேநீரோடு வந்தார். ராமநாதபுரத்துக்காரர். ஐம்பது வயது; பதினோரு வருடமாக இங்கே ஒட்டகம் மேய்ப்பவர். முப்பத்திரண்டு கம்பிகளையும் புதைத்தவர் அவரே.

"என்ன தம்பி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

"அண்ணை, ஒருக்கா வெளியில போய்க் கம்பியளைப் பாத்திட்டு வாறியளே? எங்கையாவது தண்ணிப் பைப்பில முட்டிக் கிடக்கோ தெரியேல்லை."

"ஷாக் அடிக்காதுல்ல?"

"இப்ப போறது சின்னக் கரண்ட் அண்ணை. எறும்புகூடச் சாகாது."

"ஒட்டகமெல்லாம் நேத்து ராவுல இருந்து இந்தப் பக்கம் வரவே மாட்டேங்குது," என்றார் பாண்டித்துரை. "பட்டி மூலையில ஒண்டிக்கிட்டு நிக்குதுக." மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பனிக்குள் இறங்கினார். நாலு எட்டில் மறைந்துபோனார்.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மட்டும் வந்தது. "ஒண்ணு, சரி! ரெண்டு, சரி!" ஒவ்வொரு கம்பியின் முனையிலும் நின்று கத்தினார். குரல் மெல்ல மெல்ல அறையைச் சுற்றி வந்தது. மகேசன் மீட்டரைப் பார்த்தபடி இருந்தான். எழுபது. அறுபத்தாறு.

"தம்பி! ஒம்பதாவது கம்பி விறைப்பா இருக்கு. நான் தொளதொளன்னுதான போட்டேன்?"

"ஒட்டகம் மிதிச்சிருக்கும் அண்ணை!"

பதில் சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒட்டகங்கள்தான் வரவில்லையே.

"பத்தும் அப்படித்தான். பதினொண்ணும்." மண்வெட்டி மண்ணில் குத்தும் ஓசை. "முனையில அடிச்ச ஆப்பக் காணம் தம்பி. உள்ள போயிருச்சு."

அறுபது. அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று மகேசனின் வாய் திறந்தது. ஐம்பத்தெட்டு. இன்னும் எட்டுத்தான். துஷானியின் முகம் வந்துபோனது. வாயை மூடிக்கொண்டான். பிறகு எத்தனையோ முறை அவன் நினைத்துக் குமைந்தது இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

"பதினேழு," என்றது தூரத்துக் குரல். பின்பு, அவ்வளவு சத்தமாக இல்லாமல், "இழுத்துப் பாத்தேன் தம்பி. திருப்பி இழுக்குது."

அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

"அண்ணை?"

கூரையில் நீர் சொட்டும் ஓசை. ஐம்பத்து மூன்று. ஐம்பத்தொன்று.

"அண்ணை!"

ஐம்பது. முள் அங்கே நின்றது. அசையவில்லை. இருபது வருட அனுபவத்தில் இவ்வளவு கச்சிதமான பொருத்தத்தை அவன் கண்டதில்லை. மண் அவனுடைய பெட்டிக்குத் தன்னை அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது போலிருந்தது.

பாட்டரி வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே ஓடினான். கம்பிகள் எல்லாம் சேரும் செம்பு வளையத்தில் பதினேழாம் நம்பர் டேப்பைத் தடவிக் கண்டுபிடித்து, கம்பி போன வழியே குனிந்து நடந்தான். ஒரு சாண் ஆழத்தில் இருந்திருக்க வேண்டிய கம்பி மண்ணைக் கிழித்துக்கொண்டு மேலே விம்மி நின்றது. விரல் பட்டதும் வீணைத் தந்திபோல் அதிர்ந்தது. பனி மூக்கில் ஏறியது. கடற்பாசி வாசனை. கடல் எங்கோ இருக்க, இங்கே பாசி.

பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டான். காலில் தட்டுப்பட்டது.

குப்புறக் கிடந்தார். தலைமுதல் கால்வரை ஈர மணல் அப்பியிருந்தது. கை கம்பியை விடாமல் பற்றியிருந்தது. மகேசன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். என்ன கனம்! நனைந்த சிமெண்ட் மூட்டை தோற்றது.

"எழும்புங்கோ அண்ணை. நடவுங்கோ. ஒண்டுமில்லை, நான் இருக்கிறன்."

பேச்சில்லை. ஆனால் கால்கள் நடந்தன. அறைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தான். கதவைச் சாத்தித் தாழ் போட்டான். அவர் பின்னோக்கி நகர்ந்து கதவில் முதுகைச் சாய்த்து அமர்ந்துகொண்டார். மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. பயத்தில் அடைத்துப்போயிருக்கிறது பாவம், என்று நினைத்தான்.

"கண்ணுக்குள்ள மண் போயிருக்கும். பொறுங்கோ."

துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவர் முன் மண்டியிட்டான். கன்னத்தை ஒற்றினான். மணல் வந்தது. மறுபடி துடைத்தான். மணல். துண்டை உதறிவிட்டு அழுத்தித் துடைத்தான். ஒரு விரற்கடை ஆழம் போயிற்று. தோல் வரவில்லை.

மேஜைமேல் அவனுடைய மொபைல் அடித்தது.

திரையில் பாண்டித்துரை அண்ணை.

கை தானாக நீண்டு எடுத்தது.

"தம்பி," என்றது குரல். மூச்சு வாங்கியது. அழுதுகொண்டிருந்தார். "எவ்வளவு நேரமாக் கத்துறேன், கேக்கலையா? கம்பி முடியிற எடத்துல நிக்கிறேன். நெஞ்சு வரைக்கும் உள்ள போயிட்டேன். சீக்கிரம் வாங்க தம்பி. யாரோ காலப் பிடிச்சிருக்காக."

மகேசன் கதவைப் பார்த்தான். தாழ், அமர்ந்திருந்ததன் தலைக்குப் பின்னால் இருந்தது.

"தம்பி?"

அவன் துடைத்த கன்னத்தில், விரற்கடைப் பள்ளம் இருந்த இடத்தில், மணல் மெல்லப் பொங்கி நிரம்பியது. நிரம்பி வழுவழுப்பானது. அதில் பாண்டித்துரையின் கன்னத்து மச்சம் முளைத்தது. பிறகு உதடுகள் வந்தன. அவை திறந்துகொண்டன. உள்ளே நாக்கு இன்னும் வரவில்லை.